பஸ்ஸில் கட்டிய பாவும் ஜஸீலாவின் நாலரை முழமும்

ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் மேசை மணியுமாக அமர்ந்து, நான் எப்போது வாயை மூடுவேன் என்று ஏக்கத்தோடு காத்திருக்கும் விழாத் தலைவர், அறநிலையத் தலைவர், அண்ணன் ஊ பர்கத்துல்லா அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு முந்தி வந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! தன்லியினிலிருந்து வந்தவர்களே, கியாக்தானிலிருந்து வந்தவர்களே, ஷ்வேப்யிதாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றுகொண்டிருப்பவர்களே! கூட்டம் முடிந்ததும் கிடைக்கும் தேநீருக்காக வந்தவர்களே! ஆம், உங்களையும் தெரியும், உங்களுக்கும் என் வணக்கம்!

மணியை அடிக்காதீர்கள் அண்ணா. இன்னும் வணக்கமே முடியவில்லை.

நாற்காலிகளே! நான் நாற்காலியில் இருப்பவர்களைச் சொல்லவில்லை, நாற்காலிகளைத்தான் சொல்கிறேன். முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளே! உங்களுக்கு மட்டும் நான் வணக்கம் சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல வேண்டும்? எதற்குச் சொல்ல வேண்டும்? எங்கள் குடியைக் கெடுக்க வந்தவர்கள் நீங்கள் அல்லவா!

சிரிக்கிறீர்கள். விஷயம் தெரியாதவர்கள்தான் சிரிக்கிறீர்கள். தெரிந்தவர்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

சொல்கிறேன், கேளுங்கள். இந்த மேடைக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஓர் அறை. அறைக்குள் ஒரு தறி. யாங்கோன் தமிழர் கைத்தறி மறுமலர்ச்சிச் சங்கத்தின் ஒரே சொத்து அந்தத் தறிதான். அறை எங்களுடையது அல்ல, அறநிலையத்துடையது. தலைவர் அண்ணன் போன ஆண்டு எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். "கைத்தறியை இளைய தலைமுறையிடம் சேர்ப்போம் என்று சொல்லி அறையை வாங்கினீர்கள். மூன்று ஆண்டுகளாக ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. நான்காம் ஆண்டு விழா முடிவதற்குள், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒருவர் இங்கே நெய்த ஒரு முழுக் கைலி மேடைக்கு வர வேண்டும். வராவிட்டால் தறியைக் கழற்றிவிட்டு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்குவோம்." இதுதான் கடிதம். இன்றுதான் அந்த விழா. நான்தான் கடைசிப் பேச்சாளர்.

திரைக்குப் பின்னால் ஜஸீலா என்ற பெண் நெய்துகொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வயது. கைலிக்கு நாலரை முழம் வேண்டும். நாலேகால் முழம் வந்துவிட்டது. இன்னும் அரைச் சாண் பாக்கி. அறநிலையத்தின் விழா விதி என்ன சொல்கிறது? கடைசிப் பேச்சாளர் நன்றி சொன்னால்தான் கூட்டம் முடியும் என்று சொல்கிறது. அந்த விதியை எழுதியவர் யார்? தலைவர் அண்ணன். எத்தனை முறை மணி அடித்தாலும் நான் நன்றி சொல்லாதவரை இந்தக் கூட்டம் முடியாது அண்ணா. உங்கள் பேனாவால் நீங்களே எழுதியது.

ஆகவே அன்பர்களே, அரைச் சாண் நெய்யும்வரை நான் பேசுவேன். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்று. எழுந்திருக்காதீர்கள்! நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை எதிரி உங்களுக்கு அடியில் அகப்பட்டுக் கிடக்கிறான். நீங்கள் எழுந்த மறுகணம் அவனை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

என்ன பவுனம்மாள் அக்கா? "எனக்கு ஆறு மணிக்கு பஸ்ஸு, டோ பாமா, சுருக்கா முடிங்க" என்கிறீர்களா? அக்கா, பஸ்ஸைப் பற்றி என்னிடமா பேசுகிறீர்கள்? பஸ்ஸால் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் சங்கம் இளைஞர்களைத் தேடிய இலட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் இளைஞர் அணி தொடங்கினோம். நாற்பது வயதுக்கு உட்பட்டவர் சேரலாம் என்றோம். ஒருவர் வந்தாரா? வரவில்லை. சோர்ந்தோமா? சோரவில்லை. அடுத்த ஆண்டில் வயது வரம்பை ஐம்பதாக்கினோம். வந்தாரா? வரவில்லை. மூன்றாம் ஆண்டில் அறுபதாக்கினோம். அணி நிரம்பிவிட்டது! இதோ மேடை ஓரத்தில் நிற்கிறாரே, அணித் தலைவர் கோ சின்னத்தம்பி, ஐம்பத்தெட்டு வயது. ஊரில் பேரன் பேத்தி எடுத்த ஆண்களை மரியாதையாக ஊ என்றும், என் போன்ற பெண்களை டோ என்றும் அழைக்கிறோம். இவரை மட்டும் அப்படி அழைத்துவிட முடியுமா? முடியாது! "நான் இளைஞர் அணி, என்னைக் கோ என்றுதான் கூப்பிடணும்" என்று சண்டைக்கு வருகிறார். இன்னும் இரண்டு ஆண்டு அவர் இளைஞர். அதற்குப் பிறகு ஒரே நாளில் முதியவர் ஆகிவிடுவார். அதை நினைத்துத்தான் இப்போதெல்லாம் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

இந்த இளைஞர் அணியில் ஒருவருக்காவது நெய்யத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியுமா? கைத்தறியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன். கைத்தறியில் என்னை உட்கார வைத்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஜஸீலா வந்தார். யார் அவர்? ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்பவர். என்ன வேலை? மழைச்சட்டைக்கு இடது கை தைக்கும் வேலை. இடது கை மட்டும்! மூன்று ஆண்டுகளாக இடது கை! வலது கையை யார் தைக்கிறார்கள் என்று கேட்டேன். "வேற கட்டடங்க, பாத்ததில்ல" என்றார். நம் இளைய தலைமுறைக்குத் துணியின்மேல் நாட்டமில்லை என்று மேடைக்கு மேடை அழுதோமே, அந்தத் தலைமுறை காலை முதல் மாலைவரை துணிக்குள்ளேதான் கிடக்கிறது ஐயா! துணியின் ஒரு மூலையில் கிடக்கிறது!

உனக்கு எதற்கம்மா தறி என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒரு துணியாச்சும் மொத நூல்லருந்து கடைசி நூல் வரைக்கும் நானே செஞ்சு பாக்கணுங்க. அவ்வளவுதான்." நாங்கள் நான்கு ஆண்டுகளில் பதினேழு தீர்மானம் போட்டோம். ஒன்றில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். மூன்று முறை நூல் சிக்கி, மூன்று முறையும் வெட்டி எறிந்தார். நான்காவது முறை முப்பது கஜப் பாவு தயாரானது. பாவு என்றால் நெட்டுக்கு ஓடும் நூல். ஏழு மாத வேலை. பாவை அப்படியே தறியில் ஏற்றலாமா? ஏற்றக்கூடாது. தெருவில் நீளமாக இழுத்துக் கட்ட வேண்டும், சோற்றுக் கஞ்சி தடவ வேண்டும், இழையோடு இழை ஒட்டாமல் தூரிகையால் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் முப்பது கஜமும் அப்பளம் மாதிரி விறைத்துவிடும்.

சங்கம் கூடியது. எங்கே கட்டுவது? ஒரு முனையை மொஹிங்கா சாப்பாட்டுக் கடையின் தூணில் கட்டலாம் என்று முடிவானது. மறுமுனைக்கு விளக்குக் கம்பம் இருந்தது. இங்கேதான் கோ சின்னத்தம்பி எழுந்தார். "கம்பத்துல கரண்டு இருக்கு, சமயத்துல வந்தாலும் வந்துடும், ஆபத்து. அந்தா நிக்குதே பஸ்ஸு, அதுல கட்டுவோம். அத விட உறுதியா நம்ம தெருவுல என்ன இருக்கு?" என்றார்.

அந்த பஸ் எங்கள் தெருமுனையில் இரண்டு மழைக்காலமாக நிற்கிறது. அதற்குள் கோழி முட்டையிட்டு அடைகாத்தது. எங்கள் சங்கத்துக்கு முகவரி கேட்டால் "பஸ்ஸுக்குப் பக்கத்தில்" என்றுதான் சொல்வோம். ஆனாலும் எதையும் முறையாகச் செய்பவர்கள் அல்லவா நாங்கள்! அந்த பஸ் ஓர் அசையாச் சொத்து என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் கோ சின்னத்தம்பி, வழிமொழிந்தவள் நான். தீர்மானத்தை பஸ்ஸின் ஓட்டுநர் கமாலுக்கு அனுப்பினோமா? அதுதான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பாவு நீண்டது! நீலமும் வெள்ளையும் பச்சையுமாகத் தெருவை நிறைத்தது! கஞ்சிப் பானையும் தூரிகையுமாக ஜஸீலா நடந்தார். நூல் தொய்ந்துவிடாமல் இருபுறமும் பிடித்துக்கொண்டு செயற்குழு உறுப்பினர் பதினான்கு பேரும் நின்றோம். அப்போது பஸ்ஸுக்குள் ஓர் இருமல் கேட்டது. கோழி பறந்து வெளியே வந்தது. பின்னாலிருந்து புகை வந்தது. இரண்டு மழைக்காலமாக அசையாத சொத்து அசைந்தது அன்பர்களே, அசைந்தது!

மறுமுனை தூணில் கட்டியிருக்கிறதே, நிற்குமல்லவா என்று நினைப்பீர்கள். கட்டியவர் கோ சின்னத்தம்பி. அவர் போட்ட முடிச்சு அவரைப் போலவே யாருடைய மனத்தையும் நோகடிக்காதது. பஸ் இழுத்ததும் அவிழ்ந்துகொண்டது.

கையை விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கேட்பீர்கள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! கையை விட்டால் ஏழு மாத உழைப்பு சேற்றில் புரளும். நாங்கள் விடவில்லை. பஸ் நகர்ந்தது, பாவு நகர்ந்தது, பாவோடு பதினான்கு பேரும் நகர்ந்தோம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினோம். கமால் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கையசைத்தார். பஸ் கிளம்பிவிட்ட சந்தோஷத்தில் தெருவே திரண்டு வழியனுப்புகிறது என்று நினைத்துவிட்டாராம்.

யாங்கோன் நெரிசலை நாள்தோறும் திட்டுகிறோமே, அன்று அந்த நெரிசல்தான் எங்கள் மானத்தைக் காத்தது. நாங்கள் நடக்கிற வேகத்துக்கு மேல் பஸ்ஸால் போக முடியவில்லை. ஜஸீலா அழுதாரா? அழவில்லை. அலறினாரா? அலறவில்லை. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். சிவப்பு விளக்கு விழுந்தால் கஞ்சி, பச்சை விளக்கு விழுந்தால் காற்று! சிவப்புக்குக் கஞ்சி, பச்சைக்குக் காற்று! ஒரு விளக்குக்குக்கூட ஓய்வில்லை.

போகப் போக எங்களுக்குக் கை வலித்தது. பிடி தளர்ந்தது. அப்போதுதான் நான் ஒன்றைப் பார்த்தேன். ஓரத்தில் பஸ்ஸுக்காக நின்ற ஆலைப் பெண்கள், கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிய சின்னஞ்சிறு பெண்கள், என்ன ஏது என்று கேட்காமல் ஓடிவந்து நூலைத் தாங்கினார்கள். கல்லூரிப் பையன்கள் தாங்கினார்கள். கியாக்தான் போக வேண்டிய ஒரு குடும்பம் தங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து தாங்கியது. கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக்கொண்ட இருவர் கடைசிவரை மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவர்களும் தாங்கினார்கள்! பாகோ ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது நாங்கள் நூறு பேருக்கு மேல். ஆற்றுக் காற்று அடித்தது பாருங்கள், முப்பது கஜப் பாவும் ஓர் இழை ஒட்டாமல் உலர்ந்தது. தன்லியினில் பஸ் நின்றதும் கமால் இறங்கிவந்து, "என்னாங்க, இவ்வளவு தூரம் வந்தா வழியனுப்புறது?" என்று கேட்டார்.

ஹொக்தே, ஹொக்தே என்கிறீர்களா? ஆமாம், உண்மைதான்! அந்த நூலைத் தொட்ட நூறு பேரில் எங்கள் தீர்மானத்தைப் படித்தவர் ஒருவராவது உண்டா? எங்கள் அழைப்பிதழைப் பார்த்தவர் உண்டா? இல்லை! நூல் அவர்கள் தெருவுக்கு வந்தது, கையை நீட்டினார்கள்.

ஹலோ. ஹலோ. மைக் நின்றுவிட்டது. கரண்டு போய்விட்டது. பரவாயில்லை, இந்தத் தொண்டைக்கு மைக் வெறும் அலங்காரம்தான். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? மின்விசிறி இல்லையே என்று முனகாதீர்கள். சற்று அமைதியாக இருங்கள். எல்லாம் நின்றுவிட்ட இந்த ஊரில் எது நிற்கவில்லை என்று கேளுங்கள்.

டக்... டக்... டக்.

கேட்கிறதா? ஆலையில் கரண்டு போனால் ஆயிரம் தையல் பொறிகள் நிற்கும். இது நிற்காது. இதற்கு வேண்டியது இரண்டு கை, இரண்டு கால், ஒரு பிடிவாதம்.

ஏன் சத்தம் நின்றது?

கோ சின்னத்தம்பி, திரைக்குள் எட்டிப் பாருங்கள். என்ன? இழை அறுந்துவிட்டதா? ஒன்றா, இரண்டா? ஐந்து இழையா! முடிச்சுப் போடுகிறாரா? நீங்கள் உதவிக்குப் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள்!

தலைவர் அண்ணா, மணியில் கை வைக்காதீர்கள். என் பேச்சில் இன்னும் முக்கியமான பகுதி பாக்கி இருக்கிறது. என்ன பகுதி? எனக்கே இன்னும் தெரியவில்லை. நெசவு என்பது என்ன? நெட்டு நூலும் குறுக்கு நூலும். நெட்டு என்பது என்ன? நீளம். குறுக்கு என்பது என்ன? நீளம் அல்லாதது. அன்பர்களே, என் நா வறள்கிறது, பொருளும் வறண்டுவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக இந்த மேடையில் எத்தனையோ தோற்றிருக்கிறேன், எதற்கும் வருந்தியதில்லை. அந்தப் பெண் தோற்றுவிடக்கூடாது. முழுதாக ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டவள் அரைச் சாணில் தோற்றுவிடக்கூடாது!

டக். கேட்டீர்களா? டக், டக்! தட்டுங்கள் கையை! இன்னும் தட்டுங்கள்! யாரும் எழாதீர்கள், உட்கார்ந்துகொண்டே தட்டுங்கள்!

வருகிறார். திரையை விலக்குங்கள். இதோ ஜஸீலா! இதோ தறியிலிருந்து அறுத்தெடுத்த கைலி! தலைவர் அண்ணா, நீங்களே அளந்து பாருங்கள், உங்கள் முழத்தாலேயே அளந்து பாருங்கள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... அரை! ஓரம் கொஞ்சம் கோணல், ஓரிடத்தில் நீல இழை வழிதவறி வெள்ளைக்குள் போயிருக்கிறது. இருக்கட்டும் அண்ணா, இடது கை மட்டும் தைத்த பெண் செய்த முதல் முழுத் துணி. என்ன சொல்கிறீர்கள்? "கோணல்னாலும் கைலிதான். அறை உங்களுக்கே." சொல்லிவிட்டார்! நம் தலைவர் சொல்லிவிட்டார்! நாற்காலிகளே, ஒழிந்தீர்கள்!

அமைதி, அமைதி. ஜஸீலா, இந்தச் சங்கம் உங்களுக்கு ஒரு சால்வை போர்த்த விரும்புகிறது. சால்வை வேண்டாமா? பிறகு என்னம்மா வேண்டும்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"ரூம் சாவிய எங்கிட்ட குடுங்க, டோ பாமா."

சாவியா? சாவி செயலாளரிடம் இருப்பதுதானே முறை? நான்தானே செயலாளர்?

"நீங்க மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமதான் தொறக்குறீங்க, கூட்டம் நடக்கிற அன்னைக்கு மட்டும். ஆலையில கரண்டு போனா எங்கள அனுப்பிடுவாங்க. அப்பல்லாம் ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வருவேன். பூட்டியிருக்கும். நின்னு பாத்துட்டுப் போயிடுவேன். பதினோரு தடவ வந்துட்டேன். பாவுக்கு ஏழு மாசம் ஆனது எனக்கு வேல தெரியாததால இல்லீங்க. ஏழு ஞாயித்துக்கெழமதான் கெடச்சுது. என்கூட வேல செய்யற நாலு பேரும் வரேங்குறாங்க. பூட்டுன கதவக் காட்டவா அவங்களக் கூட்டிட்டு வரது?"

முதலில் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். என்னையா கேட்கிறாய் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பெண் அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நாட்களில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஒரு நாள், இளைஞர்களைக் கைத்தறிக்கு ஈர்ப்பது எப்படி என்ற பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். இன்னொரு நாள், அதே தலைப்பில் வானொலிக்குப் பேட்டி கொடுத்தேன். இந்தச் சாவி அப்போதெல்லாம் என் முந்தானையில் முடிந்திருந்தது. இளைய தலைமுறை வரவில்லையே, வரவில்லையே என்று ஊரெல்லாம் ஒப்பாரி வைத்தவளின் முந்தானையில்! அவர்கள் வந்தார்கள் ஐயா. வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூட்டியவள் நான்.

இந்தாருங்கள் ஜஸீலா. பிடியுங்கள். முடிச்சு இறுகிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள். ஆங், வந்துவிட்டது. இன்றிலிருந்து அந்தக் கதவை எப்போது திறப்பது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. செயற்குழுவைக் கேட்க வேண்டாம். கோ சின்னத்தம்பி, நீங்கள் கையைத் தூக்க வேண்டாம், இதற்குத் தீர்மானம் கிடையாது. கைத்தட்டலும் வேண்டாம். இவ்வளவு தாமதமாகக் கொடுத்ததற்குக் கைத்தட்டல் வாங்க எனக்கு மனமில்லை.

பொறுமையோடு மணியடித்த தலைவருக்கும், எழாமல் இருந்து எதிரியை அடக்கிய உங்கள் எல்லோருக்கும், பஸ்ஸைத் தவறவிட்ட பவுனம்மாள் அக்காவுக்கும், வழியில் நூலைத் தாங்கிய பெயர் தெரியாத நூறு பேருக்கும் நான் கடன்பட்டவள். ஜஸீலா, என் குடை அந்த அறைக்குள் இருக்கிறது. உங்களுக்கு வசதிப்படும்போது கதவைத் திறந்தீர்களானால் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை வெளியே நிற்கிறேன்.

நன்றி. வணக்கம்.